ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் மாத்திரை

கேள்வி:

டொக்டர், எனக்கு வயது 46. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறேன். போன வருஷம் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, துடிப்பும் ஒழுங்கில்லை என்று சொல்லி கண்டி கிளினிக்கில் பதிந்துவிட்டார்கள். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்து, மாதாமாதம் ஊசி போட்டார்கள். கல்யாணம் கட்டி வேறு தோட்டத்துக்கு வந்ததும் அது நின்றுபோனது. இப்போது வாஃபரின், பிசோப்ரோலோல், இன்னொரு மாத்திரை. ஆறு மாதம் ஆகியும் இரவில் படுத்தால் நெஞ்சுக்குள் குருவி அடித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. ஒரே மூச்சில் ஏறிய மலையை இப்போது மூன்று இடத்தில் நின்று ஏறுகிறேன். கைவிரல் சில்லிட்டுப்போகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தீபாவளிக்கு முன்னால் 10 நாள் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, உடம்பு லேசாகத்தான் இருந்தது. வாஃபரின் எலிக்கு வைக்கிற விஷம் என்று மகன் போனில் பார்த்துச் சொன்னான். கீரை தொடவே கூடாது என்கிறார்கள். இரத்தம் சோதிக்கத் தேவையில்லாத புது மாத்திரை இருக்கிறது, அதைக் கேள் என்கிறான் கொழும்பில் இருக்கும் தம்பி. பக்கத்து லயத்து அண்ணனுக்கு அமியோடரோன் என்ற மாத்திரையில் படபடப்பே போய்விட்டதாம். நான் என்ன செய்ய? (தண்ணி போகிற மாத்திரையை மட்டும் ஞாயிற்றுக்கிழமைதான் போடுகிறேன். மலையில் நிற்கும்போது அது சரிவராது.)

பதில்:

அக்கா, நீங்கள் கேட்டது நாலைந்து கேள்வி. நான் திரும்பத் திரும்ப வாசித்தது கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அந்த வரியை. போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

என் அம்மாவும் கொழுந்தெடுத்தவர். காலையில் பெரட்டுக்குப் போகும் முன் ஒரு தேத்தண்ணி குடிப்பார். அதன் பிறகு மத்தியான நிறுவைக்கு இறங்கும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் வாயில் வைக்கமாட்டார். தாகம் இல்லாமல் இல்லை. மலையில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. மேலே கங்காணி நிற்க, கீழே ரோட்டில் ஆள் போக, தேயிலைச் செடிக்குப் பின்னால் எத்தனை தரம்தான் போய் உட்காருவது? இதைப் பார்த்து வளர்ந்த நான், டொக்டராகி கிளினிக்கில் உட்கார்ந்த முதல் வருஷங்களில் தோட்டத்துப் பெண்களிடம் "மாத்திரை ஒழுங்காகப் போடுறீங்களா?" என்று கேட்பேன். "ஆமாங்க டொக்டர்" என்பார்கள். கால் வீங்கியிருக்கும். சரி, அளவு போதவில்லை என்று நானும் கூட்டி எழுதிக் கொடுப்பேன். "எத்தனை மணிக்குப் போடுறீங்க, அந்த நேரம் எங்கே நிற்பீங்க?" என்று கேட்கத் தோன்றவே எனக்குச் சில வருஷம் பிடித்தது.

அந்த மாத்திரை ஃபுரோசமைட்டாக இருக்கவேண்டும். மருந்துக் கவரில் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். போட்ட ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கும், அடுத்த ஓரிரு மணித்தியாலத்தில் உச்சத்துக்குப் போகும், ஆறு மணித்தியாலத்தில் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். காலையில் போடச் சொல்வது, இரவில் எழும்பி எழும்பி ஓடாமல் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான். மற்றபடி காலை நேரத்துக்கு விசேஷம் எதுவும் இல்லை. நீங்கள் அந்திக்கு நாலு, நாலரைக்கு வேலை முடித்து இறங்குகிறவர் என்றால், கடைசி நிறுவை முடிந்து லயத்துக்கு வந்ததும் போடலாம். படுக்கப்போகும் முன் பெரும்பாலும் போய் முடிந்துவிடும். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நேரத்தை மாற்றலாமா என்று மட்டும் அடுத்த தரம் கேளுங்கள். கிளினிக் திகதி தூரம் என்றால் பக்கத்து ஆஸ்பத்திரி டொக்டரிடம் கேட்டாலும் போதும். காரணத்தைச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லும் டொக்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

உங்கள் மூச்சுவாங்கலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு சுருங்கினால், இரத்தம் முன்னால் போக முடியாமல் பின்னால், நுரையீரல் பக்கம் தேங்கும். நுரையீரல் ஈரமாகும். ஏற்றத்தில் மூச்சு முட்டும், படுத்தால் இருமல் வரும், இரண்டு தலையணை கேட்கும். அந்த ஈரத்தை வடிக்கத்தான் தண்ணி மாத்திரை. நீங்கள் அதை ஞாயிறு மட்டும் போடுகிறீர்கள், பழியைப் பிசோப்ரோலோல் மேல் போடுகிறீர்கள். ஒரு கேள்வி கேட்கிறேன், யோசித்துப் பாருங்கள்: திங்கட்கிழமை மலை ஏறுவதும் சனிக்கிழமை ஏறுவதும் ஒன்றாகவா இருக்கிறது? சனியன்று கூடுதலாக இளைத்தால், பதில் உங்கள் கால்களுக்கே தெரியும். வாரத்துக்கு இரண்டு தரம் தோட்டத்து டிஸ்பென்சரியில் எடை பாருங்கள். (கொழுந்துத் தராசில் ஏறி நிற்கச் சொல்லவில்லை.) இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சோறு இல்லை, தண்ணீர். கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம்.

இனி, நெஞ்சுக்குள் அடிக்கும் அந்தக் குருவிக்கு வருவோம்.

இதயத்தின் மேலறையில் ஒரு கங்காணி இருக்கிறார். நிமிஷத்துக்கு 60, 70 தரம் அவர் குரல் கொடுக்க, மேலறை சுருங்கி, கீழறை சுருங்கி, எல்லாம் ஒரு வரிசையில் நடக்கும். வால்வு சுருங்கிப் பல வருஷம் அழுத்தம் தாங்கிய மேலறை விரிந்து தொய்ந்துவிடுகிறது. அப்புறம் ஒரு கங்காணிக்குப் பதில் நூறு பேர் நூறு மூலையிலிருந்து கத்தத் தொடங்குகிறார்கள். நிமிஷத்துக்கு 350 முதல் 600 வரை உத்தரவு. மேலறை எதற்கும் கட்டுப்படாமல் சும்மா நடுங்குகிறது. நல்லவேளையாக மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு கேட் இருக்கிறது. அது எல்லா உத்தரவையும் கீழே விடாது. ஆனால் எதை விடும், எதைத் தடுக்கும் என்பதில் ஒழுங்கு கிடையாது. அதனால்தான் உங்கள் நாடி, தகரக்கூரையில் மழை பிடிக்கத் தொடங்கும்போது துளி விழுவது போல, இரண்டு சேர்ந்து, ஒன்று தள்ளி, மூன்று சேர்ந்து விழுகிறது. கிளினிக் கொப்பியில் ஏ.எஃப். என்று எழுதியிருப்பார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பதன் சுருக்கம் அது.

பிசோப்ரோலோல் நிற்பது அந்தக் கேட்டில். மேலே நடக்கும் கூச்சலை அது அடக்காது, கீழே இறங்கும் உத்தரவுகளைத்தான் குறைக்கும். சுருங்கிய வால்வு உள்ளவருக்கு இது இன்னும் முக்கியம். மடுவத்து வாசல் ஒடுக்கமாக இருக்கும்போது எல்லோரும் கூடையோடு ஒரேயடியாக முண்டினால் ஒருவரும் உள்ளே போகமுடியாது. நின்று நிதானமாக விட்டால் எல்லோரும் போய்விடுவார்கள். துடிப்பு மெதுவானால், ஒவ்வொரு தடவையும் அந்த ஒடுக்கமான வால்வு வழியாக இரத்தம் இறங்கி நிரம்ப நேரம் கிடைக்கிறது. ஆகவே ஆறு மாதம் மருந்து போட்டும் படபடப்பு போகவில்லை என்றால் மருந்து தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். துடிப்பின் ஒழுங்கு திரும்பாமல் போகலாம். உங்கள் வகை நோயில் பலருக்குத் திரும்புவதில்லை. இடது பக்கம் சரிந்து படுத்தால் அடிப்பு கூடக் கேட்கும், வலது பக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள். சத்தம் கேட்பதால் மட்டும் ஆபத்து இல்லை.

பார்க்கவேண்டியது எண்ணிக்கையை. பத்து நிமிஷம் உட்கார்ந்து இளைப்பாறிய பிறகு, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, மகனை போனில் நேரம் பிடிக்கச் சொல்லி, முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கும் கணக்கு உங்களுக்குச் சரிவராது, துளி ஒழுங்காக விழுவதில்லையே. இரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டியும் இப்படிப்பட்ட நாடியில் தடுமாறும். சும்மா இருக்கும்போதே 110க்கு மேல் நின்றால், அல்லது 50க்குக் கீழே போய்த் தலை சுற்றினால், கொப்பியை எடுத்துக்கொண்டு டொக்டரைப் பாருங்கள். மயக்கம் போட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

களைப்பும் கை சில்லிடுவதும் பிசோப்ரோலோலால் வரக்கூடியவைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். களைப்பு முதல் சில வாரங்களில் கூடுதலாக இருந்து பிறகு தணிவதுண்டு. உங்களுக்கு ஆறு மாதமாகியும் தணியவில்லை என்றால், காலை மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா, அளவு சரியா என்று கேட்கலாம். தண்ணி மாத்திரையை ஒழுங்காகப் போட்ட பிறகு கேட்டால் இன்னும் நல்லது, எது எதனால் என்று அப்போது பிரித்துப் பார்க்கலாம். குளிருக்கு, விடியற்காலையில் கொழுந்தில் கை வைக்கும் முன் இரண்டு கையையும் இடுப்புப் படங்குக்குள் விட்டுச் சூடாக்கிக்கொள்ளுங்கள், ரப்பர் சப்பாத்துக்குள் கம்பளிக் காலுறை போடுங்கள். பனி நாளில் என் அம்மாவின் விரலும் மாத்திரை இல்லாமலே நீலம் பாய்ந்துதான் கிடக்கும். எல்லாக் குளிரும் மருந்தின் குளிர் அல்ல.

10 நாள் நிறுத்தியபோது உடம்பு லேசாக இருந்ததற்கும் இதுவே காரணம். கேட்டில் நின்ற ஆள் போய்விட்டார், களைப்பும் போய்விட்டது. ஆனால் பிசோப்ரோலோலைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு முன்னைவிட வேகமாக எகிறலாம். உங்கள் வால்வுக்கு அது ஆகவே ஆகாது. அந்தப் பத்து நாளில் வாஃபரின் இல்லாமல் நீங்கள் நடந்ததை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஏன் என்று சொல்கிறேன். பீலியில் விழும் தண்ணீர் பாசி பிடிக்காது, பக்கத்துக் குழியில் தேங்குவது பிடிக்கும். சுருங்காமல் நடுங்கும் மேலறையின் ஓரத்தில் சின்னப் பை போல ஒரு மூலை இருக்கிறது. இரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகும். கட்டி ஒருநாள் கழன்று மூளைக்குப் போய் ஒரு குழாயை அடைத்தால், அதுதான் பக்கவாதம். துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கு அந்த அபாயம் மற்றவரைவிட ஐந்து மடங்கு என்பார்கள். வால்வு சுருங்கியவருக்கு அதற்கும் மேல். வாஃபரின் தடுப்பது இதை. ஆகவே அது வேலை செய்வதை நீங்கள் ஒருநாளும் உணரப்போவதில்லை. பிசோப்ரோலோலை நிறுத்தினால் உடம்பு சொல்லும், ஃபுரோசமைட்டை நிறுத்தினால் மூச்சு சொல்லும். வாஃபரினை நிறுத்தினால் ஒன்றும் சொல்லாது. "ஒன்றும் ஆகவில்லை" என்ற உங்கள் வரி அதனால்தான் என்னைப் பயமுறுத்தியது.

மகன் சொன்னது பொய்யில்லை. 1920களில் அமெரிக்காவின் வடக்கிலும் கனடாவிலும், பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. காரணம் தேடிப்போன விஸ்கான்சின் ஆய்வுகூடத்திலிருந்து பிறந்ததுதான் வாஃபரின். 1948இல் எலி மருந்தாக வந்தது, 1954இலிருந்து மனிதருக்கு மருந்தானது. அடுத்த வருஷம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் கொடுத்தார்கள். எலி கணக்கில்லாமல் தின்கிறது. உங்களுக்கு இரத்தம் சோதித்து, அரை மாத்திரை கால் மாத்திரை என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். அந்தச் சோதனைதான் ஐ.என்.ஆர். மருந்து போடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். உங்களுக்கு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கவேண்டும். 2க்குக் கீழே போனால் கட்டி பிடிக்கலாம், 4, 5 என்று ஏறினால் இரத்தக் கசிவு வரலாம். போன தடவை எவ்வளவு என்று கேட்டால் டக்கென்று சொல்ல உங்களுக்குத் தெரியவேண்டும், பிள்ளையின் பரீட்சைப் புள்ளி மாதிரி.

தினமும் ஒரே நேரத்தில், அந்திக்கு ஆறு மணிக்கு, சாமி விளக்கு ஏற்றும் பழக்கம் இருந்தால் அதோடு சேர்த்துப் போடுங்கள். மறந்துவிட்டால் அன்றைக்குப் படுக்கும் முன் ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டுவிடுங்கள், இரண்டு சேர்த்துப் போடக்கூடாது. மாத்திரையை நிறத்தை வைத்து அடையாளம் பிடிக்காதீர்கள். கம்பனி மாறினால் நிறம் மாறலாம், 1 மில்லிகிராமும் 5 மில்லிகிராமும் இடம் மாறினால் விபரீதம். கவரில் எழுதியிருப்பது வாசிக்க முடியாத மொழியிலோ கையெழுத்திலோ இருந்தால், மருந்து கொடுக்கும் ஜன்னலிலேயே நின்று கேட்டு, கவரின் மேல் படம் போட்டுக்கொள்ளுங்கள்: காலை மாத்திரைக்குச் சூரியன், வேலை முடிந்து போடுவதற்குக் கூடை, ஆறு மணிக்கு விளக்கு. பின்னால் ஆட்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். என் அம்மாவின் அழுத்த மாத்திரைக்கு நான் முதன்முதலில் வரைந்தது சேவல். கவர் கிழிந்து எத்தனையோ தடவை மாறியும், அந்தச் சேவல் இல்லாத கவரை அவர் கையில் வாங்கவே மாட்டார்.

கீரையை விடவேண்டாம். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலை, கோவா இவற்றில் உள்ள விற்றமின் கே வாஃபரினுக்கு எதிராக வேலை செய்வது உண்மை. ஆனால் டொக்டர் உங்கள் அளவை எழுதுவது நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டோடு சேர்த்துத்தான். வாரம் இரண்டு நாள் கீரை என்றால் இரண்டு நாளாகவே இருக்கட்டும். சம்பளம் வந்த வாரம் தினமும் கீரைச் சுண்டலும் இலைக்கஞ்சியும், அடுத்த வாரம் வெறும் ரொட்டியும் சம்பலும் என்றால்தான் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். தேயிலையிலும் அந்த விற்றமின் நிறைய இருக்கிறது, ஆனால் அது எண்ணெயில் கரைவது, கொதிநீரில் இறங்குவதில்லை. ஆகவே நாள் முழுக்கக் கொழுந்தைத் தொடுவதாலோ, இரண்டு மூன்று பிளேன்டீ குடிப்பதாலோ வாஃபரினுக்கு ஒரு கேடும் இல்லை. தேத்தண்ணி குடித்தவுடன் படபடப்பு கூடுகிறது என்று உங்களுக்கே தெரிந்தால் சாயத்தைக் குறையுங்கள். வெற்றிலை போடும்போது பாக்கும் புகையிலையும் துடிப்பை விரட்டும், அதைத்தான் முதலில் குறைக்கச் சொல்வேன். சமையலில் சேரும் மஞ்சளும் இஞ்சியும் பூண்டும் இருக்கட்டும். யாரோ கொடுத்த சூரணம், கஷாயம் மட்டும் வேண்டாம்.

கீரையைவிட எனக்குப் பயம் வலி மாத்திரை. கூடை சுமந்து இடுப்பும் தோளும் நொந்தால் கடையில் டைக்ளோஃபெனக் வாங்கிப் போடுவது நம்மவர் பழக்கம். வாஃபரினோடு அது சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியும். ஐபுப்ரோஃபென், அஸ்பிரினும் அப்படியே. பரசிட்டமோலை அளவோடு போடலாம். ஊசி போட்டால்தான் வலி நிற்கும் என்று கேட்டு வாங்கவும் கூடாது, சதைக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் போன்ற சில மருந்துகள் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். டிஸ்பென்சரியிலும் சரி, பல் பிடுங்கும் இடத்திலும் சரி, வாயைத் திறக்கும் முன் "நான் வாஃபரின் போடுறேன்" என்று சொல்லிவிடுங்கள். மலம் தார் மாதிரிக் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, மாதவிடாய் வழக்கத்தைவிட அள்ளிக்கொண்டு போனாலோ காட்டவேண்டும். சரிவில் வழுக்கித் தலை அடிபட்டால், நன்றாக இருக்கிறேன் என்று தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதவிடாய் இன்னும் வருகிறது என்றால் ஒன்று: வாஃபரின் வயிற்றில் வளரும் பிள்ளைக்குக் கெடுதி. உங்கள் வயதில் தேவைப்படாது என்று நினைப்பீர்கள், இதை வாசிக்கும் தங்கச்சிமாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் மலையில் நிற்கிறவருக்குத் தேவை: அட்டை. அட்டையின் எச்சிலிலேயே இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. ஏற்கெனவே வாஃபரின் போடும் காலில் அது கடித்தால் இரத்தம் சட்டென்று நிற்காது. பயப்படாதீர்கள். சுத்தமான துணியால் 10, 15 நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிமிஷத்துக்கு ஒருதரம் துணியை எடுத்து நின்றுவிட்டதா என்று பார்ப்பதுதான் தவறு. வழக்கம்போல காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டே இறங்குங்கள்.

தம்பி சொல்லும் புது மாத்திரைகள் நல்லவைதான். வால்வுக் கோளாறு இல்லாமல் துடிப்பு மட்டும் தவறியவர்களுக்கு நானே எழுதுகிறேன். உங்களைப் போல, சின்ன வயதில் மூட்டு வீங்கி வரும் வாதக்காய்ச்சலால் வால்வு கெட்டவர்களில் அவை வாஃபரினை மிஞ்சவில்லை. 4,500க்கு மேற்பட்ட இப்படிப்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வில், அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவரொக்சபான் போட்டவர்களைவிட வாஃபரின் வகை மருந்து போட்டவர்களில் மரணம் குறைவாக இருந்தது, இரத்தக் கசிவும் அதனால் கூடவில்லை. ஆக, பழைய மாத்திரைதான் உங்களுக்கு. தம்பியிடம் இதைக் காட்டுங்கள்.

பக்கத்து லயத்து அண்ணனின் மாத்திரை அவருக்கே இருக்கட்டும். அமியோடரோன் வலுவான மருந்து. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயடீன் இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 0.15 மில்லிகிராம். முழுவதும் உடம்பில் பிரிவதில்லை என்றாலும், தைரொய்டைக் கெடுக்க அது தாராளம். ஆறு மாதத்துக்கு ஒருதரம் தைரொய்டும் ஈரலும் சோதிக்கவேண்டும், நுரையீரலையும் கவனிக்கவேண்டும். வெயில் பட்ட தோல் எரியும், கொழுந்துமலையில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வாஃபரினோடு சேர்ந்தால் ஐ.என்.ஆரையும் தூக்கிவிடும். நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பைவிட்டுப் போகாது. தேவைப்பட்டால் டொக்டர் தொடங்குவார், ஓசியில் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்க்கும் மாத்திரை இது இல்லை. அந்த அண்ணனும் இதையெல்லாம் சோதித்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள்.

சின்ன வயது ஊசி பற்றி இரண்டு வார்த்தை. அது பென்சிலின். 10க்கு 12 அடி காம்பராவில் ஆறேழு பேர் நெருங்கிப் படுக்கும்போது, ஒரு பிள்ளையின் தொண்டைப்புண் எல்லோருக்கும் பரவும். அந்தக் கிருமிக்குப் பிறகு சிலருக்கு வாதக்காய்ச்சல் வந்து, மூட்டு வீங்கி வற்றிவிடும், வால்வு மட்டும் மெதுவாகக் கெட்டுக்கொண்டே போகும். ஊசி நின்றது உங்கள் குற்றமில்லை, தோட்டம் மாறியபோது கொப்பி கூட வரவில்லை. இனியும் அது தேவையா என்பதை வயதையும் வால்வையும் பார்த்து முடிவு செய்வார்கள், ஊசிக்குப் பதில் மாத்திரையும் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளுக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் கொத்தமல்லித் தண்ணியோடு விட்டுவிடாமல் காட்டுங்கள்.

கிளினிக்குக்கு ஒருநாள் போனால் ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும் என்பதும் எனக்குத் தெரியும். ஐ.என்.ஆர். ஒரு நிலைக்கு வந்தபிறகு சோதனைகளின் இடைவெளியைக் கூட்டுவார்கள். அதைக் கண்டியில்தான் பார்க்கவேண்டுமா, உங்கள் பக்கத்து டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியில் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு வரலாமா என்று கேளுங்கள். கண்டிக்குப் போகும் நாளில் எக்கோவும் (இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது) இதய டொக்டரும் ஒன்றாக அமைந்தால் ஒரு பயணம் மிச்சம். வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது, பலூன் வைத்து விரிக்க முடியுமா என்றும் கேளுங்கள். எல்லா வால்வுக்கும் பொருந்தாது, பொருந்தினால் ஏற்றம் நிஜமாகவே இலகுவாகும்.

முகம் ஒருபக்கம் இழுத்தாலோ, ஒரு கை விழுந்தாலோ, வாய் குழறினாலோ என்ன செய்வது என்று மகனுக்குச் சொல்லி வையுங்கள்: 1990க்கு அழைப்பது, தொடங்கிய நேரத்தைக் குறிப்பது, கொப்பியைக் கையில் எடுப்பது. வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றக்கூடாது. போனில் எலி மருந்து தேடத் தெரிந்த பிள்ளைக்கு இது கஷ்டமில்லை.

இப்போது செய்யவேண்டியது இது. 10 நாள் நிறுத்திய பிறகு இரத்தம் சோதிக்கவில்லை என்றால், அடுத்த திகதியைப் பார்க்காமல் இந்த வாரமே கிளங்கனுக்குப் போய் ஐ.என்.ஆர். பாருங்கள். விட்டதைப் பிடிக்கக் கூடுதலாக ஒன்றும் போட்டுவிடாதீர்கள். கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதிக் கொப்பிக்குள் வையுங்கள். கூட்டத்தில் நின்று பேச வாய் வராது, தாளை நீட்டலாம். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் வாசித்துச் சொல்ல அங்கே ஒரு நர்ஸாவது கிடைப்பார்:

"நான் கொழுந்தெடுப்பவள். மலையில் கழிவறை இல்லை. அதனால் தண்ணி மாத்திரையை ஞாயிறு மட்டும் போட்டேன். அந்திக்கு நாலரைக்குப் போடலாமா? தீபாவளிக்கு முன் 10 நாள் எல்லா மாத்திரையையும் நிறுத்தினேன். சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு, இடையில் நின்றுவிட்டது."

திட்டுவார்களோ என்று பயந்து இரண்டாவது விஷயத்தை வெட்டிவிடாதீர்கள். திட்டினாலும் ஒரு நிமிஷம்தான். ஐ.என்.ஆர். எவ்வளவு வந்தது, மாத்திரையின் நேரத்தை மாற்றியபின் சனிக்கிழமை ஏற்றத்தில் எத்தனை இடத்தில் நின்றீர்கள், இரண்டையும் எனக்கு எழுதிப் போடுங்கள்.